கிளோறியா எழுதிய வாக்கு

டென்மார்க்கின் கோல்டிங் நகரத்து மேட்டுப் பக்கத்தில் இருக்கிற ஒரு முதியோர் இல்லத்துக்கு ஒக்டோபர் மாதக் கடைசியில் முப்பத்தெட்டு வாக்காளர் அட்டைகள் தபாலில் வந்தன. அங்கே இருந்தவர்களும் முப்பத்தெட்டுப் பேர்தான். தன்னுடைய பெயரே ஞாபகம் இல்லாத பத்தாம் அறை அம்மாவுக்கும் ஒன்று வந்திருந்தது. மூன்று மாதமாகக் கட்டிலை விட்டு இறங்காதவருக்கும் ஒன்று. யாரும் விண்ணப்பிக்கவில்லை, யாரும் வரிசையில் நிற்கவில்லை. நீ உயிரோடு இருக்கிறாய், உனக்கு ஒரு வாக்கு இருக்கிறது என்று கொம்யூன் என்கிற நகரசபை தானாகவே கடிதம் போடுகிறது. அங்கே பராமரிப்பு வேலை செய்கிற கிளோறியா அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு அறை அறையாகக் கொடுத்துவந்தாள்.

இருபது வருடமாக அவள் இதைப் பார்க்கிறாள். இருந்தும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அட்டையிலும் உள்ள பெயரை நின்று வாசித்துப் பார்ப்பாள். அதற்குக் காரணம் உண்டு. அவளுடைய தகப்பன் மன்னாரில் மீன் காயவைக்கிற வாடி வைத்திருந்தவர். ஒரு தேர்தலன்று வெள்ளை வேட்டி கட்டி, ஐந்து மைல் சைக்கிள் மிதித்து வாக்குச் சாவடிக்குப் போனார். அவருடைய வாக்கை யாரோ காலை ஏழரைக்கே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். "ஐயா, நீங்கள் வந்து போட்டிட்டியள் எண்டு இதில கிடக்கு" என்று அங்கிருந்தவர் சொன்னாராம். மனிதர் சண்டை பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வேட்டியை மடித்து வைத்துவிட்டு வாடிக்குப் போனார். அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் எந்தத் தேர்தலுக்கும் அவர் போகவில்லை.

கிளோறியாவுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வயதில் பேனாட்டைக் கலியாணம் கட்டி டென்மார்க்குக்கு வந்தாள். முதல் ஏழு வருடம் மீன் பதனிடும் தொழிற்சாலையில் கையுறைக்குள் விரல் விறைக்க நின்றாள். பிறகு முதியோர் பராமரிப்புப் படித்தாள். படிக்கும்போது இரண்டு பிள்ளைகளும் சின்னவை. டெனிஷ் புத்தகத்தை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு சொதி வைத்தவள். சோதனையில் அவள் வகுப்பில் மூன்றாவதாக வந்தாள். அந்தச் செய்தியை ஊருக்கு எழுதியபோது பேனாட்டின் பெயரையும் சேர்த்து "நாங்கள் சித்தியடைந்துவிட்டோம்" என்று எழுதினாள். அப்படிப்பட்ட பெண்.

பேனாட் நல்ல மனிதன், குறை சொல்வதற்கில்லை. ஆனால் தேர்தல் வந்தால் அவனுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். கோப்பியோடு உட்கார்ந்து பத்திரிகையை இரண்டு முறை புரட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த முறை நாங்கள் இந்த எழுத்து" என்று அறிவிப்பான். கட்சிகளுக்கு இங்கே எழுத்துகள்தான் அடையாளம். கிளோறியா போய் அந்த எழுத்துக்கு நேரே புள்ளடி போடுவாள். அவர்கள் வீட்டில் மட்டும்தான் இப்படியென்று நினைக்க வேண்டாம். வரிப் படிவம், வங்கிக் கடிதம், ஆஸ்பத்திரி அழைப்பு எல்லாவற்றையும் வீட்டில் டெனிஷ் நன்றாகத் தெரிந்த ஒருவர் பார்ப்பார், மற்றவர்கள் காட்டிய இடத்தில் கையொப்பம் வைப்பார்கள். வாக்கும் அந்தக் கடுதாசிகளோடு கடுதாசியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அன்பினால் செய்கிற வேலை அது. அதனாலேயே அதில் ஒரு பிழை இருப்பது ஒருவர் கண்ணுக்கும் படவில்லை.

அந்த இல்லத்தில் நான்காம் அறையில் தேவராசா இருந்தார். எழுபத்தெட்டு வயது, யாழ்ப்பாணத்துக்காரர், கோல்டிங்கில் இருபத்தாறு வருடம் இரும்பு வேலைத்தலத்தில் உழைத்தவர். இரண்டு வருடத்துக்கு முன்பு பாரிசவாதம் வந்து வலப்பக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. இருபத்தாறு வருடம் சேர்த்த டெனிஷையும் அது ஒரே பகலில் வழித்துத் துடைத்துவிட்டது. தமிழில் மிஞ்சியது மூன்று சொற்கள்: பிள்ளை, தண்ணி, ஓம். இந்த மூன்றிலும் ஓம் என்பது ஒரு வில்லங்கம்.

எதைக் கேட்டாலும் அவர் வாயில் ஓம்தான் வரும். "சூப் சுடுதோ அப்பு?" என்றால் ஓம். "சுடேல்லையோ?" என்றாலும் ஓம். மூளையில் அடிபட்ட இடம் அப்படி என்று டொக்டர் சொன்னார். ஆரம்பத்தில் அவரை நம்பி மூன்று கோப்பை சூப் பருக்கி, அவர் சத்தியெடுத்த பிறகுதான் கிளோறியாவுக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவள் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு மனிதரின் மற்ற இடங்களைப் பார்க்கத் தொடங்கினாள். ஐந்து மாதம் எடுத்தது. உண்மையான ஓம் அவருடைய இடது கையின் கட்டைவிரலில் இருந்தது. மனம் ஒப்பினால் அந்த விரல் அரை அங்குலம் எழும்பும், ஆனால் உடனே எழும்பாது. கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு பத்து எண்ணும் நேரம் பொறுத்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது.

இதை அவள் பராமரிப்புக் குறிப்பில் எழுதி வைத்தாள். மகன் சுபாங்கனுக்கும் சொன்னாள். சுபாங்கன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிற மகன், கணினிக் கம்பனியில் பெரிய வேலை. "அப்பாக்கு எல்லாம் விளங்குது அக்கா. நான் என்ன சொன்னாலும் ஓம் எண்டுறார்தானே" என்றான். அவனுக்கு அதில் பெரிய ஆறுதல் இருந்தது. கிளோறியா அந்த ஆறுதலில் கை வைக்கவில்லை.

இனித் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளோறியாவின் கடைசித் தம்பி ஜெனுஷன், அவளைவிடப் பதின்மூன்று வயது இளையவன், அந்த முறை கொம்யூன் சபைக்கு இரண்டாவது தடவையாகப் போட்டியிட்டான். போன முறை கிட்டப் போய்த் தவறவிட்டவன். கிளோறியா அவனைத் தூக்கி வளர்த்தவள். அவனுடைய சுவரொட்டி மின்கம்பத்தில் தொங்கியபோது, பஸ்ஸில் போனவள் ஒரு தரிப்பிடம் முந்தி இறங்கி அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்து வேலைக்குப் போனாள். சுபாங்கன்தான் அவனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினவன். எந்த வீட்டில் எத்தனை வாக்கு என்று அவனுடைய கைபேசியில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் "அப்பா – 1" என்றும் இருந்தது.

தேர்தலுக்கு முன்பு இல்லத்துப் பணியாளர்களுக்கு ஒரு மணி நேரக் கூட்டம் வைத்தார்கள். முன்கூட்டியே தபால் வாக்குப் பெறும் அலுவலர்கள் இருவர் இல்லத்துக்கே வருவார்கள், நடக்க முடிந்தவர்கள் வரவேற்பறையில் போடலாம், முடியாதவர்களிடம் கட்டிலுக்கே போவார்கள் என்று பொறுப்பாளர் சொன்னார். எழுத முடியாதவருக்கு யார் உதவலாம் என்ற சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்திருந்தது. முன்பு இரண்டு அலுவலர்கள்தான் உதவலாம். பிறகு அதில் ஒருவருக்குப் பதிலாகத் தனக்கு விருப்பமான ஒருவரை வாக்காளர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இப்போது அலுவலர் எவரும் இல்லாமல், தான் தெரிந்தெடுத்த ஒரே ஒருவரோடு தனியாகவும் போடலாம். ஆனால் அந்த ஒருவர்தான் வேண்டும் என்பதை வாக்காளரே சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். அவருக்காக வேறு யாரும் சொல்ல முடியாது.

கூட்டத்தில் சமையலறைத் துஷாராவும் இருந்தாள். கலியாணம் முடித்து வந்து மூன்று வருடமும் எட்டு மாதமும் ஆன பிள்ளை. "அப்ப எனக்கு அக்கா?" என்று தமிழில் மெதுவாகக் கேட்டாள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்க முன்பெல்லாம் மூன்று வருடம் இங்கே வசித்தால் போதும், பிறகு அதை நான்காக்கிவிட்டார்கள். பழைய சட்டமாக இருந்திருந்தால் அவள் போட்டிருப்பாள். அசைய முடியாத மனிதரின் கட்டில்வரைக்கும் நடந்து வருகிற சட்டம், அந்தக் கட்டிலுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவளை நான்கு மாதத்துக்காக வெளியே நிற்கச் சொல்லியது. "அடுத்த முறை போடலாம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, அந்த அடுத்த முறைக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறதே என்று கிளோறியா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலர்கள் இருவரும் வந்தார்கள். லிஸ்பெத் என்ற அம்மா ஓய்வுபெற்ற நூலகர், அறுபத்தெட்டு வயது, கழுத்தில் கயிற்றோடு கண்ணாடி. மற்றவர் நிக்கலஸ், கொம்யூனில் வேலை செய்கிற நெட்டையான மனிதர். ஒரு தள்ளுவண்டியில் கடிதவுறைகளும் வாக்குச்சீட்டுகளும் வேட்பாளர் பட்டியல்களும் இருந்தன. நான்காம் அறைக்கு அவர்கள் வரும்போது சுபாங்கன் முன்கூட்டியே லீவு எடுத்துக்கொண்டு வந்து நின்றான். அப்பாவுக்கு நல்ல சேட்டும் போட்டு, தலையும் சீவி இழுத்து விட்டிருந்தான்.

"அப்பா ஜெனுஷனுக்குத்தான் போடுறார். நான் எழுதிவிடுறன், சுருக்காய் முடிஞ்சிடும்" என்று சுபாங்கன் டெனிஷில் சொன்னான். மற்ற எல்லாக் கடுதாசியையும் எழுதுகிறவன் அவன்தான். அவன் சொன்னதில் ஒரு வஞ்சகமும் இல்லை.

லிஸ்பெத் அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தேவராசாவின் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய கண் மட்டத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுவந்தார். "தேவராசா, நீங்கள் இன்று வாக்களிக்க விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். "ஓம்" என்றார் தேவராசா.

"அந்த ஓம் பத்தாது" என்று கிளோறியா டெனிஷில் சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் வாயைத் திறந்தது அவளுக்கே தெரிந்தது. கட்டைவிரலைப் பற்றி விளக்கினாள், பத்து எண்ணும் நேரத்தையும் சொன்னாள். சுபாங்கன் கூரையைப் பார்த்தான். லிஸ்பெத் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தபடி இன்னொரு முறை கேட்டார். நிக்கலஸ் குனிந்து பார்த்தார். கிளோறியா தமிழில் திருப்பிச் சொன்னாள். அறை முழுவதும் ஒரு கிழவரின் விரலுக்காகக் காத்திருந்தது. விரல் எழும்பியது.

"யாரோடு போட விரும்புகிறீர்கள் என்பதை அவரே காட்ட வேண்டும்" என்றார் லிஸ்பெத். மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று முடிவெடுத்து, தான், நிக்கலஸ், சுபாங்கன், கிளோறியா நாலு பேரையும் அவர் முன்னால் நிறுத்தினார். ஒவ்வொருவரையும் தொட்டுக் காட்டி, பேனையையும் காட்டினார். தேவராசாவுக்கு விளங்கியது. இடது கை மெல்ல மடியிலிருந்து கிளம்பியது. நடுங்கிக்கொண்டு வந்து, மகனைத் தாண்டி, கிளோறியாவின் பக்கம் நின்றது.

சுபாங்கனின் முகம் ஒரு கணம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிட்டது. "அப்பா, நான் நிக்கிறன்" என்றான். லிஸ்பெத் எல்லோரையும் இடம் மாற்றி நிறுத்தி மறுபடி கேட்டார். கை மறுபடியும் கிளோறியாவிடமே வந்தது.

சுபாங்கன் நல்லவன், சமாளித்துக்கொண்டான். சேட்டுப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கிளோறியாவிடம் நீட்டினான். பட்டியலின் எழுத்தும் ஜெனுஷனின் முழுப் பெயரும் அதில் அழகான கையெழுத்தில் இருந்தன. "அக்கா, இதைப் பாத்து அப்பிடியே எழுதுங்கோ. எழுத்துப் பிழைச்சால் செல்லாமப் போயிடும்." லிஸ்பெத் அது என்னவென்று கேட்டார். கேட்டு அறிந்ததும், கோபப்படாமல், அதைத் திரும்பப் பையில் வைக்கச் சொன்னார்.

கிளோறியா லிஸ்பெத்தின் பக்கம் திரும்பினாள். "நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வேட்பாளர் என்னுடைய தம்பி" என்றாள். அதோடு தன்னை விட்டுவிடுவார்கள் என்றும், தப்பித்தேன் என்றும் நினைத்தாள். லிஸ்பெத் நிக்கலஸைப் பார்த்தார். நிக்கலஸ் கையேட்டைப் புரட்டினார். பிறகு லிஸ்பெத் சொன்னார்: "தெரிந்தெடுப்பது நாங்கள் அல்ல, அவர். அவருக்கு இது தெரியுமா என்று மட்டும் கேளுங்கள்."

கிளோறியா குனிந்தாள். "அப்பு, ஜெனுஷன் என்ர சொந்தத் தம்பி, தெரியும்தானே. அப்பிடியிருந்தும் நான்தான் எழுத வேணுமோ?"

விரல் இந்த முறை பத்து எண்ண முன்பே எழும்பியது.

"அப்படியென்றால் நாங்கள் வெளியே நிற்கிறோம்" என்று லிஸ்பெத் எழுந்தார். கதவடியில் திரும்பி, "உள்ளே நடப்பது அவருடையது. வெளியே வரும்போது அதை நீங்கள் கொண்டுவர வேண்டாம்" என்றார். கதவு சாத்தப்பட்டது. அரசாங்கம், மகன், தள்ளுவண்டி எல்லாம் நடைவழியில் நின்றன. உள்ளே ஒரு நோயாளியும், அவரைக் கழுவித் துடைக்கிற பெண்ணும், ஒரு வெற்றுச் சீட்டும் இருந்தார்கள். இப்படியும் ஒரு நாடு ஒரு மனிதரை நம்புமா என்று கிளோறியா அப்படியே நின்றுவிட்டாள். வாழ்க்கையில் யாரும் அவளிடம் இவ்வளவு பெரிய பொருளைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனதில்லை.

தபால் வாக்குச் சீட்டில் பெயர்கள் அச்சிட்டிருக்காது. விரும்பிய பட்டியலின் எழுத்தையோ ஆளின் பெயரையோ கையால் எழுத வேண்டும். அவள் பட்டியலை எடுத்து முதலாவதிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் பத்து எண்ணினாள். தம்பியின் பெயர் வந்தது. "ஜெனுஷன்" என்றாள். தேவராசா அவளை நிமிர்ந்து பார்த்து, தெளிவாக, சந்தோசமாகக்கூட, "ஓம்" என்றார்.

பேனை அவள் கையில்தான் இருந்தது. உலகத்தில் எந்த மனிதரிடம் கேட்டாலும் அது ஓம்தான். மகனுக்கு அது ஓம். கதவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும், காதில் விழுந்திருந்தால், ஓம். அவள் எழுதிவிட்டு வெளியே வந்தால் கடவுளைத் தவிர வேறு சாட்சி இல்லை. தூக்கி வளர்த்த தம்பி. போன முறை தோற்ற அன்று அவளுடைய மடியில் தலை வைத்து அழுதவன். கிளோறியா அவசரப்பட விரும்பினாள், அதுதான் உண்மை. பத்து எண்ணாமல் எழுதிவிட வேண்டும் என்று அவளுடைய கை துடித்தது.

ஆனால் கண் பழகிவிட்டது. இரண்டு வருடப் பழக்கம் அவளைக் கேட்காமலே கீழே போய் அந்தக் கையைப் பார்த்தது. பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள். விரல் போர்வையின் மேல் அப்படியே கிடந்தது.

"ஜெனுஷன் வேண்டாமோ அப்பு?" என்று கேட்டாள். "ஓம்" என்றது வாய். விரல் எழும்பியது.

அவள் அடுத்த பெயரை வாசித்தாள். அதற்கு அடுத்ததையும் வாசித்தாள். நடைவழியில் யாரோ இருமினார்கள், ஒருவரும் கதவைத் தட்டவில்லை. எவ்வளவோ பெயர்களுக்குப் பிறகு ஒரு பெயருக்கு விரல் எழும்பியது. அந்தப் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. அது ஆணா பெண்ணா, தம்பியின் கட்சியா வேறு கட்சியா என்றும் கேட்க வேண்டாம். அவள் சும்மா இரண்டு பிழையான பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். ஓம், ஓம் என்றார், விரல் கிடந்தது. மறுபடி அந்தப் பெயரைச் சொன்னாள். விரல் எழும்பியது மட்டுமல்ல, எழும்பியபடியே நின்றது.

ஏன் அந்தப் பெயர் என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. இந்த மனிதர் என்ன சேட்டுப் போடுவது, எத்தனை மணிக்கு நித்திரை கொள்வது, தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி என்பதையெல்லாம் இரண்டு வருடமாக அவளும் மற்றவர்களும்தான் தீர்மானித்தார்கள். அவருக்குச் சொந்தமாக இனி ஒன்றும் இல்லை என்று அவளே நினைத்திருந்தாள். இல்லாமல் என்ன, இருந்திருக்கிறது. அரை அங்குல விரலுக்குள் ஒரு முழு மனிதர் யோசித்து, முடிவெடுத்து, மகனிடமிருந்தும் மறைத்து வைத்துக்கொண்டு, இந்தச் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்திருக்கிறார். நற்கருணை வாங்கப் போகிறபோது தேவாலயத்தில் வருகிற அடக்கம் அவளுக்கு அந்த அறையில் வந்தது.

எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்து எழுதினாள். வாசித்துக் காட்டினாள். சீட்டை மடித்து உள் உறையில் போட்டு அவர் முன்னாலேயே ஒட்டினாள். கதவைத் திறந்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. லிஸ்பெத் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். "இவ்வளவு நேரம் எடுத்துவிட்டது, மன்னியுங்கள்" என்றாள் கிளோறியா. "அவருக்குத் தேவையான நேரம் அதுதான்" என்றார் லிஸ்பெத். உறையோடு வந்த உறுதிமொழித் தாளில் தேவராசா இடது கையால் ஒரு வளைந்த கோடு இழுத்தார். அலுவலர்கள் இருவரும் அதன் கீழே தங்கள் கையொப்பத்தை வைத்தார்கள்.

தேர்தல் நாளன்று காலையில் பேனாட் வழக்கம்போலத் தொண்டையைச் செருமினான். "இந்த முறை யோசிக்கவே தேவையில்லை, மச்சான்தான்" என்றான். பாடசாலை மண்டபத்தில் திரைக்குப் பின்னால் கிளோறியா மேசை அகலத்துச் சீட்டை விரித்து, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை வாசித்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வாசித்தாள். எல்லாவற்றையும் வாசித்து முடித்து, யார் சொன்னதற்காகவும் அல்லாமல், தானே தெரிந்து தம்பியின் பெயருக்கு நேரே புள்ளடி போட்டாள். வெளியே பேனாட் அவளைக் காணாமல் தவித்துக்கொண்டிருந்தான். "எங்க போனனீர் இவ்வளவு நேரம்?" என்று கேட்டான். "வாசிச்சனான்" என்றாள்.

ஜெனுஷன் ஏழு வாக்கினால் சபைக்குப் போக முடியாமல் போனான்.

சனிக்கிழமை மத்தியானம் கிளோறியா வீட்டில் சாப்பாடு. துக்க வீட்டுக்குக் கூட்டியதுபோல் ஜெனுஷனும் சுபாங்கனும் வந்திருந்தார்கள். சுபாங்கன் கைபேசியை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கழித்துக்கொண்டிருந்தான். "சபாரத்தினம் அண்ணை வீட்டில நாலு எண்டார். எனக்கு அங்க ரண்டுதான் விழுந்திருக்கும் எண்டு சந்தேகம்." பிறகு அடுத்த வரிக்கு வந்தான். "எங்கட அப்பான்ர வோட்டு உறுதி. கிளோறியா அக்காதானே எழுதினவ." சொல்லிவிட்டு உறுதிக்காக அவளைப் பார்த்தான். பேனாட்டும் பார்த்தான். ஜெனுஷனும் பார்த்தான்.

கிளோறியா சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள். "நான் எழுதினனான்தான். என்ன எழுதினனான் எண்டு சொல்ல மாட்டன்."

"சும்மா ஓம் எண்டு சொல்லுங்கோவன் அக்கா. இதில என்ன ஒளிப்பு" என்று சுபாங்கன் சிரித்தான்.

"ஒளிப்பு இல்லைத் தம்பி. அது அவரின்ர வாக்கு. அவருக்குப் பேச்சு வந்தால் அவரிட்டக் கேளுங்கோ."

சுபாங்கனின் சிரிப்பு பாதியில் நின்றது. ஜெனுஷன் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. பிறகு, பகிடி போல, ஆனால் குரல் பகிடியாக வரவில்லை, கேட்டான்.

"சரி, அப்புவின்ரயை விடுங்கோ. நீங்களாவது எனக்குப் போட்டனீங்கள்தானே அக்கா?"

போட்டிருந்தாள். முழுச் சீட்டையும் வாசித்து, தன் மனதறியப் போட்டிருந்தாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை எழுதி முடியாது. ஒரு சொல் போதும், அவன் முகம் தெளிந்துவிடும். ஆனால் அந்தச் சொல்லை இப்போது சொன்னால், முதலில் சொல்லாமல் விட்டதும் தானாகவே சொல்லப்பட்டுவிடும். தனக்குரியதை வாய் திறந்து சொல்கிற அக்கா அப்புவின் வாக்குக்கு மட்டும் ஏன் வாய் மூடினாள் என்று சுபாங்கன் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிடுவான். ஐம்பது நிமிடம் கதவுக்கு வெளியே நின்றவர்கள் காத்துக் கொடுத்த பொருள் சாப்பாட்டு மேசையில் உடைந்துவிடும்.

"அதையும் சொல்ல மாட்டன்" என்றாள் கிளோறியா.

பேனாட் வாயைத் திறந்தான், அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஜெனுஷன் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சரி அக்கா. எனக்கு விளங்குது" என்றான்.

அவன் விளங்கிக்கொண்டது பிழை. கிளோறியா அதைத் திருத்தவில்லை.